தைல மரத்தைப் பலகைக்கு வளர்ப்பது: கடலூர் செம்மண் காட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் போகும் செம்மண் மேட்டில் முந்திரிக்கும் பலாவுக்கும் நடுவே தைல மரத் தோப்புகள் வந்துகொண்டே இருக்கும். புதுச்சேரிக்கு வடக்கே வானூர்ப் பக்கமும் அப்படித்தான். அநேகமாக எல்லாத் தோப்பும் நாலைந்து வருடத்தில் வெட்டப்பட்டு, டன் கணக்கில் காகித ஆலைக்கோ, சாரம் கட்டும் கம்பமாகவோ போய்விடுகிறது. பலகைக்கு என்று யாரும் வளர்ப்பதில்லை. "தைல மரம் அறுத்தா முறுக்கிக்கும், வெடிக்கும்" என்பது ஊரறிந்த பேச்சு.

அந்தப் பேச்சு பொய்யில்லை. எங்கள் தோப்பில் விட்டுவைத்திருந்த பெரிய மரங்களில் பதினொன்றை ஒரு சித்திரை மாதம் வெட்டி மில்லுக்கு அனுப்பினேன். துண்டு போட்ட அரை மணி நேரத்தில் முனைகளில் நட்சத்திரம் போல வெடிப்பு விழுந்தது. அறுத்த பலகைகள் ரம்பத்தை விட்டு வெளியே வரும்போதே வில்லாக வளைந்தன. கதவுச் சட்டம் ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாம் அடுப்புக்குப் போனது. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கவும், கேட்கவும், அளந்து பார்க்கவும் ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டவற்றில் முக்கியமானது இது: அந்த மரங்களின் தரம் மில்லில் கெடவில்லை. என்ன கன்று நட்டோம், எவ்வளவு நெருக்கமாக நட்டோம், எந்த மாதம் வெட்டினோம் என்பதிலேயே பெரும்பகுதி முடிவாகிவிட்டது. இதை ஒரு காணி நிலத்தில் நாமே சோதித்துப் பார்க்கலாம். அதற்கான வழி கீழே.

மரம் ஏன் வெடிக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைச் செய்வதில் பயனில்லை. எல்லா மரமும் வளரும்போது வெளிப்புறத்தில் புதுப்புது அடுக்காகக் கட்டை சேர்க்கிறது. ஒவ்வொரு புது அடுக்கும் முதிரும்போது நீளவாக்கில் சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் பழைய கட்டை அதைச் சுருங்க விடாது. விளைவு, வெளிப்பக்கம் இழுவிசையிலும் நடுப்பகுதி அமுக்கத்திலும் நிற்கும். மரம் நிற்கும்வரை இரண்டும் சமமாக இருக்கும். காற்றில் வளைந்தாலும் ஒடியாமல் மரத்தைக் காப்பதே இந்த ஏற்பாடுதான். வெட்டியதும் முனையில் அந்தச் சமநிலை போய்விடும். வெளிப்பக்கம் சுருங்கும், நடு விரியும், முனை பிளக்கும். நடுவே அறுத்தால் இரண்டு பாதியும் எதிரெதிர்ப் பக்கமாக வளைந்து விலகும். இதற்கு வளர்ச்சி அழுத்தம் என்று பெயர். தேக்கிலும் இது உண்டு. தைல மரத்தில் மிக அதிகம், அதிலும் சிறு சுற்றளவு மரத்தில் இன்னும் மோசம்: மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் தூரம் குறைவு என்பதால், அழுத்தம் அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே இழுவையிலிருந்து அமுக்கத்துக்கு மாறிவிடுகிறது.

வளர்ச்சி அழுத்தத்தால் வரும் வெடிப்பு வேறு, காயும்போது வரும் வெடிப்பு வேறு. முன்னது வெட்டிய சில நிமிடத்திலிருந்து சில நாளுக்குள் வந்துவிடும், பின்னது வாரக்கணக்கில் வரும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலரும் தவறான இடத்தில் மருந்து தேடுகிறார்கள்.

படி 1: இடம்

செம்மண் மேடு, சரளை கலந்த மண், மானாவாரி நிலம் போதும். மேல்மண்ணுக்குக் கீழே இறுகிய அடுக்கு இருந்தால் உளிக்கலப்பையால் இரண்டடி ஆழம் கீறிவிடுங்கள். வேர் இறங்காத மரம் புயலில் சாயும். சாய்ந்து நிமிர்ந்த மரத்தின் மேல்பக்கத்தில் இழுவிசைக் கட்டை என்று தனி வகைக் கட்டை உருவாகும். அதை அறுத்தால் பஞ்சு பஞ்சாக நார் எழும்பும், காயும்போது முறுக்கிக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தையும் நேராகப் பேசிவிட வேண்டும். தைல மரம் நீரை நன்றாக உறிஞ்சும். ஏரிக்கரை, கிணற்றடி, ஓடையோரம் நடாதீர்கள். பக்கத்து நிலத்துக்கு முப்பது அடியாவது விட்டு, எல்லையில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். பலகைத் தோப்பில் கடைசியில் ஏக்கருக்கு நூறு மரம்தான் நிற்கும். காகிதக் கூழுக்கு வெட்டும் தோப்பில் நிற்பதோ எழுநூறு. எனக்கு இந்த முறை பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

செம்மண்ணில் போரான் சத்துக் குறைவு அடிக்கடி உண்டு. அப்படியானால் நுனி கருகி, மரம் இரண்டு கவையாகப் பிரிந்துவிடும். கவை விழுந்த மரம் பலகைக்கு ஆகாது. நட்ட சில மாதத்தில், மழை ஈரத்தோடு, கன்றைச் சுற்றி வட்டமாக 10 கிராம் போராக்ஸ் போட்டால் போதும். அதற்கு மேல் போட்டால் கன்று கருகும்.

படி 2: எந்தக் கன்று, எப்படி நடுவது

நம் பக்கம் இருப்பவை பெரும்பாலும் இரண்டு இனம்: யூகலிப்டஸ் டெரெட்டிகார்னிஸ், யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ். அவற்றின் கலப்பும் உண்டு. முதலாவதை மைசூர் கம் என்பார்கள். திப்பு சுல்தான் காலத்தில், 1790 வாக்கில், நந்தி மலைத் தோட்டத்துக்கு வந்த மரங்களின் வழி வந்தது அது. நீலகிரியில் 1843இல் நட்டவை வேறு இனங்கள், குளிர்மலைக்கானவை. அவற்றை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும், காகித ஆலைகளும் குளோன் கன்றுகள் (ஒரே தாய் மரத்தின் துளிரை வேர்விடச் செய்து எடுத்தவை) தருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை வேகமான வளர்ச்சிக்கும் கூழ் விளைச்சலுக்கும் பார்த்துத் தேர்ந்தவை. நேரான தண்டும் நல்ல அடர்த்தியும் இருக்கும். ஆனால் வெடிக்குமா, வளையுமா என்று பார்த்துத் தேர்ந்தவை என்று சொல்ல முடியாது. அதனால்தான் நாமே சோதிக்க வேண்டியிருக்கிறது. கட்டையின் அடர்த்தி வலுவாக மரபுவழி வருவது. வளர்ச்சி அழுத்தமும் ஓரளவு அப்படியே. ஒரே நிலத்தில், ஒரே வயதில், ஒரு குளோன் பிளந்துபோக இன்னொன்று அமைதியாக இருப்பதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். வாங்கும்போது, கன்றில் முண்டு உண்டாக்கும் சின்னக் குளவி தாக்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். இலைக் காம்பிலும் நடு நரம்பிலும் முண்டு முண்டாக இருக்கும் கன்றை விலையில்லாமல் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சோதனைத் தோப்புக்கு நான் சொல்லும் கணக்கு: ஆறு குளோன். ஒவ்வொன்றுக்கும் நான்கு பாத்தி. ஒரு பாத்தியில் ஐந்துக்கு ஐந்து, அதாவது 25 மரம். மரத்துக்கு மரம் 3 மீட்டர், வரிசைக்கு வரிசை 3 மீட்டர். மொத்தம் 600 மரம், 5,400 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ ஒரு காணி. நிலத்தை நான்கு தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஆறு குளோனும் ஒரு முறை வருமாறு சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள். "இது நல்ல கன்று, நல்ல மண்ணில் வைப்போம்" என்று கை வைத்தால் முழுச் சோதனையும் வீண். மேட்டு மண், பள்ள மண் வித்தியாசத்தைச் சமன் செய்யத்தான் நான்கு தொகுதி. ஒவ்வொரு பாத்தியிலும் ஓரத்து 16 மரம் பக்கத்துக் குளோனோடு போட்டியிடும். அதனால் உள்ளே இருக்கும் 9 மரத்தை மட்டுமே அளக்க வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்ததும் நடவு. ஆறு குளோன் கிடைக்காவிட்டால் நான்கு போதும். ஒன்றை மட்டும் வைத்துச் செய்வது சோதனை ஆகாது.

படி 3: கவாத்து

தைல மரம் தானே கிளையை உதிர்க்கும் என்று விட்டுவிடுவார்கள். நெருக்கமாக நட்டால் உதிர்க்கும். 3 மீட்டர் இடைவெளியில் கீழ்க்கிளைகள் தடித்துப்போய், செத்தும் விழாமல் தண்டிலேயே நிற்கும். அதைச் சுற்றிக் கட்டை வளர்ந்தால், பலகையில் கறுப்புக் கணுவாகவும் பிசின் குழியாகவும் வரும். சில சமயம் அந்தச் செத்த கிளை வழியாகவே உள்ளே உளுத்துப்போகும். அதனால் கிளை பச்சையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

மரம் 5, 6 மீட்டர் உயரம் வந்ததும் தரையிலிருந்து 2.5 மீட்டர் வரை. 9, 10 மீட்டர் வந்ததும் 4.5 மீட்டர் வரை. முடிந்தால் பிறகு 6 மீட்டர் வரை. ஒரே தடவையில் பச்சைத் தலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம், வளர்ச்சி நின்றுவிடும். அரிவாளால் வெட்டாதீர்கள், கவாத்து ரம்பம் வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். அந்த மேட்டை விட்டு, குச்சி நீட்டாமல் அறுக்க வேண்டும். மழை ஓய்ந்த தை, மாசியே நல்ல காலம். கவாத்து செய்யும் இடத்தில் தண்டு 8, 10 சென்டிமீட்டருக்கு மேல் தடிப்பதற்குள் செய்துவிட்டால், கணு எல்லாம் நடுவிலேயே அடங்கி, வெளியே சேர்வது முழுக்கச் சுத்தமான கட்டையாக இருக்கும்.

படி 4: கலைத்தல்

3க்கு 3 மீட்டரில் ஏக்கருக்கு 450 மரம் இருக்கும். அத்தனையும் பலகை மரமாகாது. உள் 9 மரத்தில் மூன்றாம் வருடம் 4, ஆறாம் வருடம் 3 எடுத்துவிட்டால் 2 நிற்கும். ஓரத்து மரங்களையும் அதே விகிதத்தில் எடுங்கள். ஏக்கர் கணக்கில் 450, பிறகு 250, பிறகு 100. கவை விழுந்தது, சாய்ந்தது, முறுக்குத் தண்டு ஆகியவை முதலில் போக வேண்டும். நெருக்கத்தில் ஒல்லியாக உயர்ந்த மரத்தில் வளர்ச்சி அழுத்தம் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் தலை ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன்பே கலைத்துவிட வேண்டும்.

மாதம் முக்கியம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துகிடந்த அந்தக் காலை நினைவில் இருக்கிறது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஆவணி, புரட்டாசியில் கலைத்தால், அதுவரை ஒன்றை ஒன்று அண்டி நின்ற ஒல்லி மரங்கள் தனித்தனியாகப் புயலைச் சந்திக்கும். விழாவிட்டாலும் கடுமையாக வளைந்த மரத்தின் உள்ளே நார் நசுங்கியிருக்கும். அந்தப் பலகை பிறகு சின்ன அடியில் படக்கென்று குறுக்கே ஒடியும். தையில் கலைத்தால் அடுத்த புயல் காலத்துக்குள் மரம் தடித்து வேரூன்ற ஒன்பது, பத்து மாதம் கிடைக்கிறது. கலைத்த அடிக்கட்டையிலிருந்து வரும் மறுதாம்புத் துளிரை அவ்வப்போது ஒடித்துவிடுங்கள். விட்டால் நிற்கிற மரத்தின் தண்ணீரை அது பங்கு போடும்.

படி 5: கலைத்த மரமே ஆய்வுக்கூடம்

பலரும் கலைத்த மரத்தைக் கம்பமாக விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஒவ்வொரு குளோனைப் பற்றியும் நமக்குத் தெரிய வேண்டியது அந்த மரங்களுக்குள்தான் இருக்கிறது. பதினைந்து வருடம் காத்திருந்து பலகை அறுத்துத் தெரிந்துகொள்வதற்குப் பதில், மூன்றாம் வருடமே பார்த்துவிடலாம். விற்பதற்கு முன் ஒரே ஒரு நாள் செலவழியுங்கள்.

முதல் சோதனை, பிளப்புச் சோதனை. ஒவ்வொரு மரத்திலும் மார்பு உயரத்திலிருந்து 60 சென்டிமீட்டர் நீளத் துண்டு எடுத்து, உடனே மரத்தின் எண்ணைச் சாக்பீஸால் எழுதுங்கள். அன்றைக்கே, ஈரம் காய்வதற்குள், துண்டை ஒரு முனையிலிருந்து நட்டநடுவே நீளவாக்கில் பேண்ட்சாவில் அறுத்து, மறுமுனைக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அறுத்த முனை வாய் பிளந்து நிற்கும். அந்தத் திறப்பை அளவுகோலால் அளந்து, ரம்பத்தின் வெட்டுத் தடிப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். திறப்பை விட்டத்தால் பெருக்கி, வெட்டு நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒப்பிட ஓர் எண் கிடைக்கும். எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, விட்டம் 80, வெட்டு நீளம் 550, திறப்பு 9 என்றால் 720ஐ 3,02,500ஆல் வகுக்க 0.0024 வரும். திறப்பு 5 என்றால் 0.0013. இரண்டாவது மரம் பலகைக்கு நம்பிக்கை தருகிறது. தடித்த மரமும் ஒல்லி மரமும் ஒரே அளவில் நிற்கத்தான் இந்த வகுத்தல். வெறும் திறப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

மரத்தை வெட்டாமலே அளக்கவும் வழி உண்டு. பிரெஞ்சு நிறுவனமான சிராட் கொண்டுவந்த முறையில், பட்டையை எடுத்துவிட்டு, நீளவாக்கில் 45 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஊசி அடித்து, நடுவில் 20 மி.மீ. துளை போடுவார்கள். துளை போட்டதும் இழுவிசை விடுபட்டு ஊசிகள் நகரும் தூரத்தை நுண் அளவியால் படிப்பார்கள். ஆறாம் வருடக் கலைப்பில் எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க இது உதவும். கருவியும் பழகிய கையும் வேண்டும் என்பதால் இதற்குக் கல்லூரி மாணவர்களின் துணையை நாடுங்கள். பெங்களூரில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் இந்தத் துறையில் நீண்ட காலமாக வேலை செய்கிறது.

இரண்டாவது, அடர்த்தி. 5 சென்டிமீட்டர் தடிப்பில் ஒரு வில்லை வெட்டி, பட்டை நீக்கி, தண்ணீரில் ஓரிரவு ஊற வையுங்கள். தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, வில்லையை ஊசியால் குத்தி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக அமுக்குங்கள். தராசு காட்டும் கிராம்தான் அதன் கன சென்டிமீட்டர். அப்புறம் அதை 103 டிகிரி அடுப்பில் எடை இனி மாறாது என்கிற வரை காய வையுங்கள். காய்ந்த எடையைக் கன அளவால் வகுக்க வேண்டும். 218 கிராமை 412ஆல் வகுத்தால் 0.529, அதாவது கனமீட்டருக்கு 529 கிலோ. இளம் மரத்தில் 500க்கு மேல் இருந்தால் நல்லது. அடர்த்தி கூடக் கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். மிகக் கனமான கட்டை காய்வதற்கு நாளாகும், ஆணி இறங்காது, தச்சரும் அலுத்துக்கொள்வார். நமக்கு வேண்டியது நடுத்தர அடர்த்தியும் குறைந்த பிளப்பும்.

மூன்றாவது, விறைப்பு. தண்டில் இரண்டு ஊசி இறக்கி, ஒன்றில் தட்டி, ஒலி மற்றதை அடையும் நேரத்தை அளக்கும் கருவி உண்டு. பச்சைக் கட்டையின் அடர்த்தியை (காய்ந்த எடையில் அல்ல, பச்சை எடையில் கணக்கிட்டது) ஒலி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் விறைப்பு. கருவி கிடைத்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு போதும்.

படி 6: வெட்டுவது

12 வருடத்துக்கு முன் பலகைக்கு வெட்டாதீர்கள், 15 இன்னும் நல்லது. சுற்றளவு 30 அங்குலத்துக்குக் கீழ் இருந்தால் அறுப்பதில் நட்டமே மிஞ்சும். மரவாடிக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: சுற்றளவு 36 அங்குலம், நாலில் ஒரு பங்கு 9, வர்க்கம் 81, 144ஆல் வகுத்து 8 அடி நீளத்தால் பெருக்கினால் 4.5 கன அடி. கன அடிக் கணக்கில் விற்கும்போது சுற்றளவு ஒன்றரை மடங்கானால் அளவு இரண்டேகால் மடங்காகும். காத்திருப்பதற்குக் கூலி இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது.

நான் செய்த சித்திரைத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். மார்கழிக் கடைசி, தை நல்ல காலம்: காற்றில் ஈரம் இருக்கும், வெயில் தணிந்திருக்கும். வெட்டியதும் துண்டு போடாமல் முழு நீளமாகவே மில்லுக்குக் கொண்டு போங்கள். ஒவ்வொரு குறுக்கு வெட்டும் இரண்டு புது முனை, இரண்டு புது வெடிப்பு. குறுக்கே வெட்டிய அந்த நிமிடமே முனையில் மெழுகோ தாரோ தடித்த பெயிண்ட்டோ பூசுங்கள். இது வளர்ச்சி அழுத்தத்தைக் குறைக்காது, முனை அவசரமாகக் காய்வதை மட்டும் தடுக்கும். நிற்கிற மரத்தைச் சுற்றி வளையம் வெட்டிச் சாகவிட்டு மாதக்கணக்கில் கழித்து வெட்டினால் அழுத்தம் குறையும் என்பார்கள். உலக அளவில் செய்து பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரி முடிவு வரவில்லை. துளைக்கும் வண்டு வருவது மட்டும் நிச்சயம், எனவே நான் சொல்ல மாட்டேன்.

படி 7: மில்லில்

இங்கே நீங்கள் கூடவே நிற்க வேண்டும். மில்காரர் தேக்கையும் வேம்பையும் அறுக்கும் பழக்கத்தில் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாகப் பலகை எடுத்துக்கொண்டே போவார். தைல மரத்தில் அப்படிப் போனால் மீதிக் கட்டை வளைந்துகொண்டே வரும், பலகை ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் மெலிதாகவும் விழும். ஒரு பக்கம் ஒரு பலகை எடுத்தால், கட்டையைத் திருப்பி எதிர்ப்பக்கம் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சமமாகக் குறையும்போது இழுவிசையும் சமமாக விடுபடும். கூலி கொஞ்சம் கூடும், கொடுத்துவிடுங்கள்.

நடுவில் இருக்கும் நாலைந்து அங்குலம் முதல் சில வருடத்தில் வளர்ந்த இளசான கட்டை, கணுவும் அங்கேதான். அதைப் பலகையில் சேர்க்காமல் தனியாக எடுத்து, பெட்டி அடிக்கக் கொடுங்கள். வெளிறுப் பகுதி (பட்டையை ஒட்டிய வெளிர் நிறக் கட்டை) பூச்சிக்கு விருந்து. பச்சையாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் முக்கி, சில வாரம் தார்ப்பாயால் மூடி வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். மழையில் நனையும் இடத்துக்கு இது உதவாது, கரைந்துவிடும். வேண்டிய தடிப்பைவிட 3, 4 மி.மீ. கூட வைத்து அறுங்கள், சுருக்கத்துக்கு இடம் வேண்டும்.

படி 8: உலர்த்துவது

தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சமமான மேடை, மேலே கூரை. பலகைகளுக்கு நடுவே ஒரே தடிப்பில், ஓர் அங்குலக் காய்ந்த ரீப்பர் குச்சிகள், ஒன்றரை அடிக்கு ஒன்று. எல்லா அடுக்கிலும் குச்சி நேர்க்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க வேண்டும், முனையிலும் ஒன்று கட்டாயம். உச்சியில் கல்லோ சிமெண்ட் தூணோ பாரமாக ஏற்றுங்கள். முதல் ஆறு வாரம் மேற்கிலும் தெற்கிலும் சாக்குப் படுதா கட்டி நேர்க்காற்றைத் தடுங்கள். அவசரமாகக் காய்ந்தால் தைல மரத்தின் நுண்ணறைகள் உள்ளே இருக்கும் நீரின் இழுப்பிலேயே நசுங்கிவிடும். அப்படி நடந்த பலகை அலை அலையாக, துணி துவைக்கும் கல் மாதிரி தெரியும். நீராவிச் சூளை உள்ள இடத்தில், பலகை ஓரளவு காய்ந்த பிறகு நீராவி காட்டினால் நசுங்கியது பெருமளவு எழும்பிவிடும்.

அடுக்கில் ஒரு பலகையை மாதிரியாக வைத்து வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதுங்கள். அதிலிருந்து சின்னத் துண்டு வெட்டி அடுப்பில் காய வைத்தால் ஈரம் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும்: காய்ந்ததில் எவ்வளவு எடை குறைந்ததோ அதைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நம் கடற்கரைக் காற்றுக்கு 13, 14 சதவீதம் போதும். ஓர் அங்குலப் பலகை அங்கே வந்து சேரப் பல மாதம் ஆகும். அதுவரை தச்சர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு பலகையிலும் குளோன், பாத்தி, மரம் என்ற மூன்று எண்ணும் மார்க்கரில் இருக்கட்டும். நூல் கட்டி, வளைவு எத்தனை மி.மீ. என்று அறுத்த அன்றும் காய்ந்த பிறகும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு குளோனிலும் நான்கு பலகையை வீட்டுக்குள் சுவரில் சாய்த்து வைத்து, ஐப்பசி, கார்த்திகை முழுக்க நம் ஊர் ஈரக்காற்றில் விட்டு, தையில் மறுபடி நூல் பிடியுங்கள். மூன்றாம் வருடப் பிளப்புச் சோதனை எண்ணையும் இந்த வளைவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து, இரண்டிலும் குறைவாக வந்த குளோனின் அடிக்கட்டையை மட்டும் துளிர்க்க விட்டு, அந்தத் துளிரிலிருந்து அடுத்த நடவுக்குக் கன்று எடுங்கள்.